திருடாத ஊறுகாய், உப்பில்லாத பிரட்

போன வாரம் நம் குழுவில் அந்தப் படத்தைப் போட்டீர்கள். மாதா கோயில் படிக்கட்டில் இரண்டு வரிசையாக நிற்கும், முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைக் குழந்தைகள். பெண்களுக்குத் தலையில் வெள்ளை முக்காடு, எல்லோர் கையிலும் மெழுகுவர்த்தி, ஓரத்தில் பங்குச் சாமியார். படம் பழசாகிச் சிவப்பேறிப் போயிருந்தது. ஒவ்வொருத்தியும் தன் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்து வட்டம் போட்டீர்கள். பிறகு ஒருத்தி என் பெயரைச் சொல்லி, அவளைக் காணோமே என்று கேட்டாள். இன்னொருத்தி உடனே பதில் எழுதினாள்: அவள்தான் ஊறுகாய் திருடி மாட்டிக்கொண்டாளே, அந்த வருஷம் அவளுக்கு நன்மை கொடுக்கவில்லை. அதற்குக் கீழே பதினோரு பேர் சிரித்து வைத்திருந்தீர்கள்.

நாற்பது வருஷம் ஆகிவிட்டது. நமக்கெல்லாம் தலைக்குச் சாயம் பூசி மாளவில்லை. ஆனால் அந்த ஊறுகாய் மட்டும் இன்னும் என் பெயரிலேயே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், படியுங்கள். நான் அந்த ஊறுகாயைத் தொடவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் என் கண்கள் வீங்கின. காலையில் எழுந்தால் இமை பிரியாது. மெட்ராஸ் ஐ என்று சொல்லி அம்மா இளநீர் விட்டுக் கழுவினாள். மத்தியானம் கண் வீக்கம் வடிந்துவிடும், கால் வீங்கிவிடும். ஷூவின் பட்டை கடைசி ஓட்டைக்கும் எட்டவில்லை. காலுறையைக் கழற்றினால் அதன் ரப்பர் தடம் ஆழமாக வளையம் போட்டிருக்கும். முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி நிரம்புவதற்குள் பத்துவரை எண்ணிவிடலாம். நீங்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு குழி போட்டு விளையாடினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி ஒரு கால் இல்லை.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டர்னர். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம். அப்பா ஒருநாள் லீவு போட்டு எங்கள் இருவரையும் மின்சார ரயிலில் ஏற்றி பட்டணத்துக்குள் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டரம்மா எழுதிக்கொண்டே பேசுகிறவர், நிமிர்ந்து பார்க்கமாட்டார். சிறுநீரகம் ஒரு சல்லடை என்றார். என் சல்லடையில் ஓட்டை பெரிதாகிவிட்டதாம். உடம்பில் நிற்க வேண்டிய சத்து ஒழுகிப் போகிறது, போக வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. சரியாகிவிடும், ஆனால் நாளாகும். காலையில் நான்கு வெள்ளை மாத்திரை. அப்புறம் பத்தியம்.

“சோத்துல, கொழம்புல, எதுலயும் உப்பு கூடாதும்மா. ஊறுகா, அப்பளம், கருவாடு கண்ணுலயே காட்டாதீங்க” என்றார்.

பத்தியத்தைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். தினமும் வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும், வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று அப்பாவிடம் ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்து அனுப்பினார்.

அப்பாவின் காலைகள் அன்றிலிருந்து மாறிப்போயின. குளித்து, நெற்றியில் சிலுவை போட்டு, ஸ்டவ்வைப் பற்றவைத்து, என் சிறுநீர் இருந்த குழாயை இடுக்கியால் பிடித்துச் சாய்த்துச் சுடவைப்பார். கம்பெனியில் நூல் கனம் பார்த்து இரும்பு சீவுகிற கை அது, ஆடாது. கொதித்ததும் குழாயின் மேல்பாதி முட்டை வெள்ளைக்கரு போலத் திரண்டு வெளுக்கும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு மோசம். அதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் காலண்டரில் பென்சிலால் குறித்துக்கொள்வார். வீடெல்லாம் மண்ணெண்ணெய் வாசனையும் அந்த வாசனையும் கலந்து வீசும். அதோடுதான் நாங்கள் காப்பி குடித்தோம்.

உப்பில்லாத சாம்பாரை நீங்கள் சாப்பிட்டதில்லை. புளி தனியாக நிற்கும், காரம் தனியாக எரியும், பருப்பு மண் மாதிரி நாக்கில் தங்கும். முதல் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் அழ நேரமில்லை, பசி வந்துவிட்டது. அந்த வெள்ளை மாத்திரைக்கு அப்படி ஒரு குணம் உண்டு. தின்ற கை காய்வதற்குள் மறுபடியும் பசிக்கும். வயிற்றில் யாரோ உட்கார்ந்து தட்டைத் தட்டிக்கொண்டே இருப்பது போல இருக்கும். முகம் வேறு உருண்டு தோசைக்கல் மாதிரி ஆகிவிட்டது. வியாதி வீக்கம் பாதி, மாத்திரை வீக்கம் பாதி.

இந்த இடத்தில்தான் அத்தை வருகிறாள். அப்பாவின் அக்கா. மாமா இறந்தபிறகு எங்களோடு இருந்தாள். ஆவடியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவையில் பினாயில் வாசனையோடு சாயங்காலம் வந்து இறங்குவாள். எங்கள் லைன் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அத்தையைத்தான் கேட்பார்கள். ஆஸ்பத்திரி விஷயத்தில் எங்கள் வீட்டில் அவள் சொன்னதுதான் முடிவு. என் பசியை எப்படி அடக்குவது என்று தெரியாமல் அம்மா கையைப் பிசைந்து நின்றபோது அத்தை ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்தாள்.

“பிரட்டு குடு. அது ஆஸ்பத்திரி சாப்பாடு. ஆபரேஷன் ஆனவங்களுக்கே நாங்க அதத்தான் குடுக்கறோம்.”

அம்மா தலையாட்டினாள். அப்பா தலையாட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். காலையில் நான்கு துண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்கு, இரவு சோற்றுக்குப் பதிலாகவும் அதுவே. இரண்டு தெரு தள்ளி எஸ்டேட் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி இருந்தது. பின்கட்டில் விறகு அடுப்பு. சாயங்காலம் தட்டு இறங்கும்போது தெருவே மணக்கும். மெழுகுத்தாளில் சுற்றி, சூடு ஆறாமல் அப்பா சைக்கிளில் கொண்டுவருவார். அதைப் பாலில் தோய்த்தால் ஓரம் கரைந்து நடு மட்டும் பஞ்சாக நிற்கும். அந்த வீட்டில் எனக்கென்று ருசியாக இருந்த ஒரே பொருள் அதுதான். அது ஏன் அத்தனை ருசியாக இருந்தது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

தவக்காலம் வந்தது. நீங்களெல்லாம் வெள்ளிக்கிழமை கறி சாப்பிடாததை ஒரு தியாகமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். எனக்கு எல்லாக் கிழமையும் வெள்ளிதான். ஆனாலும் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த மே மாதம் நமக்குப் புதுநன்மை. ஞாயிறு பூசை முடிந்து நடந்த மறைக்கல்வி வகுப்பில் எல்லா ஜெபங்களையும் முதலில் ஒப்பித்தது நான்தான். இதையும் நீங்கள் மறந்திருப்பீர்கள். அம்மா வெள்ளைத் துணி வாங்கி, என் உடம்பு ஊதிக்கொண்டே போவதால் அளவு எடுக்காமல் வைத்திருந்தாள்.

ஏன் ஊதிக்கொண்டே போகிறது என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. ஒரு கல் உப்புகூட என் தட்டில் விழவில்லை. அம்மா எனக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்திருந்தாள். ஆனாலும் அப்பா காலண்டரில் குறித்த எடை ஏறிக்கொண்டேதான் போயிற்று. அந்த எடையைக் கம்பெனியில் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி மூடியிருக்கும், வாட்ச்மேன் சின்னக் கதவைத் திறந்துவிடுவார். வார்ப்பு இரும்பு நிறுக்கிற பெரிய மேடைத் தராசில் என்னை ஏற்றி நிற்கவைத்து, அப்பா தராசுக் கோலில் இருக்கும் குண்டைத் தள்ளித் தள்ளி நிறுத்துவார். காலடியில் இரும்புச் சுருள் ஒட்டும். எங்கும் கிரீஸ் வாசனை. இருபத்து மூன்று கிலோவாக இருந்த நான் ஏப்ரல் கடைசியில் இருபத்து ஒன்பது.

காலண்டரைக் கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உப்பு போடுகிறீர்களா என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அழுதுகொண்டே சத்தியம் செய்தாள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார்.

“அப்போ பாப்பா ஒளிஞ்சு எடுத்துச் சாப்பிடுது. இந்த வயசுப் புள்ளைங்க எல்லாம் செய்யறதுதான். பூட்டி வைங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நான் இல்லை என்றேன். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் சொல்லும் என்பதுபோல அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

அன்று சாயங்காலம் அத்தை சமையல் அலமாரியைச் சோதனை போட்டாள். மேல்தட்டில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. அதன் வாயில் கட்டியிருந்த துணி தளர்ந்திருந்தது. அவ்வளவுதான் சாட்சி. யார் தளர்த்தினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தையே அவசரத்தில் சரியாகக் கட்டாமல் விட்டிருக்கலாம். நான் நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரம் அது. அதை நான் சொன்னபோது, உயரத்தை அளந்து வைத்திருக்கிறாள் பார் என்று அதையும் எனக்கு எதிராகவே திருப்பினாள்.

அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி அத்தையின் இடுப்புக்குப் போயிற்று. அப்பா என்னை இயேசுவின் படத்துக்கு முன்னால் நிறுத்தி, திருடவில்லை என்று கைவைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். நான் செய்யமாட்டேன் என்றேன். சத்தியம் செய்துவிட்டால் விட்டுவிடுகிறோம் என்று அம்மாவும் கெஞ்சினாள். இப்போது யோசித்தால் ஒரு நிமிஷ வேலை அது. ஆனால் எனக்கு அன்றைக்கு மனம் ஒப்பவில்லை. நான் சொன்னால் நம்பாதவர்கள், படத்தைத் தொட்டுச் சொன்னால் மட்டும் எப்படி நம்புவார்கள்? கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா அடிக்கவில்லை. ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் நம் முதல் பாவசங்கீர்த்தனம். நீங்கள் வரிசையில் நின்று என்ன பாவம் சொல்லலாம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அத்தை எனக்கு முன்னாலேயே போய்ச் சாமியாரிடம் பேசிவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. நான் முழந்தாளிட்டு, பொய் சொன்னது இரண்டு, பூசையில் தூங்கியது ஒன்று என்று தயாரித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பலகைத் தடுப்புக்கு அந்தப்புறமிருந்து சாமியார் கேட்டார்.

“வேற ஏதாவது இருக்கா மகளே?”

“இல்ல சாமி.”

“வீட்ல யாருக்கும் தெரியாம எடுத்துத் தின்னது?”

“இல்ல சாமி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்.”

“ஆண்டவருக்குத் தெரியும் சாமி. எங்க அத்தைக்குத்தான் தெரியாது.”

அவர் கோபக்காரர் இல்லை. செய்ததை ஒத்துக்கொண்டால் போதும், மன்னிப்பு கிடைத்துவிடும், நாளைக்கு எல்லோரோடும் நன்மை வாங்கலாம் என்று பொறுமையாகத்தான் சொன்னார். நான் யோசித்தேன். செய்யாத பாவத்தைச் செய்ததாகச் சொன்னால் அது பொய். பொய் சொல்லக்கூடாது என்று அந்த வகுப்பில்தான் கற்றுக்கொடுத்தார்கள். பொய்யை நாக்கில் வைத்துக்கொண்டு அதே நாக்கில் நன்மை வாங்க எனக்குப் பயமாக இருந்தது. முடியாது சாமி என்றேன். அவர் வெளியே வந்து அத்தையை வரிசைக்கு ஓரமாக அழைத்து, குழந்தை இன்னும் தயாராகவில்லை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதை நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அத்தை சொன்ன ஊறுகாய் என்ற வார்த்தையும் அங்கேதான் உங்கள் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் நீங்கள் வெள்ளை உடையில் எங்கள் தெருவழியாகத்தான் போனீர்கள். நான் ஜன்னலை மூடவில்லை. நின்று பார்த்தேன். என் முகம் பெரிதாக இருந்ததால் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அதற்கடுத்த வாரம், அப்பாவுக்கு மத்தியான ஷிப்ட். பிரட் வாங்கிவர என்னை அனுப்பினார்கள். சீக்கிரமே போய்விட்டேன், தட்டு இறங்கவில்லை. முன்பக்கம் வெயிலாக இருந்ததால் பேக்கரி மாஸ்டர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். பனியனும் லுங்கியுமாக, புருவம் வரைக்கும் மைதா படிந்த ஆள். மரத்தொட்டியில் மறுநாளைக்கான மாவைக் கொட்டிக் குழி பறித்து, ஒரு டப்பாவிலிருந்து இரண்டு கை அள்ளித் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். வெள்ளையாக இருந்ததால் சர்க்கரை என்று நினைத்தேன். கேட்டேன்.

“சக்கரை அந்தாண்ட கீது பாப்பா. இது உப்பு.”

“பிரட்டுக்கு உப்பு போடுவாங்களா?”

“போடாம? உப்பு இல்லாங்காட்டி மாவு நிக்காது. பொங்கிக்கினே போய் அப்டியே அமுங்கிடும். துன்னாலும் சப்புன்னு இருக்கும்.”

நான் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையில் நான்கு துண்டு, சாயங்காலம் நான்கு, அப்புறம் ராத்திரிக்கு ஆறு. மூன்று மாதம். உடம்பெல்லாம் சூடாகி ஓடவேண்டும் போல இருந்தது. பிரட் வாங்காமலே வீட்டுக்கு ஓடினேன். நான்கு மாதமாக ஓடாத கால். வாசலில் விழுந்தேன்.

அத்தை வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியபடியே பார்த்ததைச் சொன்னேன். அவள் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டாள்.

“பிரட்டு தித்திக்குதா, கரிக்குதா?”

“தித்திக்குது.”

“அப்றம் இன்னாத்துக்குடி உப்பு கீதுன்ற? நீ துன்ன ஊறுகாய்க்கு அந்த பேக்கரிக்காரன் தலைய உருட்டறியா?”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்து, அத்தையைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். ஷிப்ட் முடிந்து இரவில் வந்த அப்பாவும் களைப்பில், டாக்டரம்மாவே பிரட் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றார். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் என் உயிருக்காகப் பயந்தவர்கள். ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் ஒன்பது வயதுக் குழந்தை சொல்வது காதில் ஏறவில்லை.

அப்படியானால் எனக்குப் பிரட் வேண்டாம் என்றேன். அத்தை தட்டில் நான்கு துண்டு வைத்துப் பாலை ஊற்றினாள். தொடவில்லை. எறும்பு வந்தது. மறுநாளும் வைத்தாள். தொடவில்லை. உப்பில்லாத சோறு, வேகவைத்த பீன்ஸ், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, அதுமட்டும் போதும் என்றேன். போதவில்லை. அந்த ஒரு வாரப் பசியை நான் பிறகு எந்தப் பட்டினியிலும் பார்த்ததில்லை. சாயங்காலம் தட்டு இறங்கும் நேரத்தில் தெருமுழுக்க அந்த வாசனை வரும்போது தலையணையை முகத்தில் வைத்துக்கொள்வேன். வாயில் தண்ணீர் ஊறி வழியும். பிடிவாதம் பிடிக்கிறாள் என்று அத்தை சொன்னாள். ஆமாம், பிடித்தேன். அதைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேடைத் தராசில் ஏறி நின்றேன். அப்பா குண்டைப் போன வாரத்து இருபத்து ஒன்பதுக்குத் தள்ளினார், கோல் மேலே எழும்பவில்லை. பின்னுக்குத் தள்ளினார். இன்னும் தள்ளினார். என்னை இறக்கிவிட்டு, ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்தார். மறுபடியும் என்னை ஏற்றினார். இருபத்து ஆறரை. ஒரே வாரத்தில் இரண்டரை கிலோ இறங்கியிருந்தது.

மாத்திரையும் அந்த வாரம்தான் பிடிக்க ஆரம்பித்திருக்கும் என்று இன்றைக்கு ஒரு டாக்டர் சொல்லலாம். சொல்லட்டும். அன்று அந்தத் தராசின்மேல் நின்றது நான்.

அப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். குழி நான்கு எண்ணுவதற்குள் மூடிக்கொண்டது. அவர் அந்தக் காலைப் பிடித்தபடியே குனிந்து இருந்தார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

“அப்பா உன்ன நம்பாம போயிட்டேம்மா.”

பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

சைக்கிள் வீட்டுக்குத் திரும்பவில்லை. நேராகப் பேக்கரிக்குப் போயிற்று. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர் அப்பா. மாஸ்டரிடம் போய், உப்புப் போடாமல் தினம் ஒரே ஒரு பிரட் செய்து தரமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒரு பிரட்டுக்காகத் தனியாக மாவு பிசைய முடியாது, பிசைந்தாலும் அது பிரட் மாதிரியே வராது, அப்புறம் என்னைத்தான் குறை சொல்லுவீர்கள் என்று மாஸ்டர் மறுத்தார். நான் சைக்கிள் கம்பியிலிருந்து இறங்கினேன்.

“உப்பு ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு பிரட்டுக்கு மாவு எடுத்து வெச்சிடுங்க அண்ணே. எப்டி வந்தாலும் நான் துன்றேன். சப்புன்னு இருந்தாலும் உங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “உன் பொண்ணு முதலாளி மாதிரி பேசுது அண்ணாத்தே” என்றார்.

மூன்றாம் நாள் முதல் பிரட் வந்தது. நடுவில் அமுங்கி, மேலே வெளிறி, உள்ளே பெரிய பெரிய ஓட்டைகளோடு, கள் வாசனை அடித்துக்கொண்டு. மாவு தன் இஷ்டத்துக்குப் பொங்கிச் சரிந்திருந்தது. அப்பா கம்பெனியில் மிச்சத் தகட்டை வெட்டி மடித்து, மூடிபோட்ட சின்ன அச்சு ஒன்று செய்து கொடுத்தார். மூடி அமுக்கிப் பிடித்ததில் அடுத்தது கொஞ்சம் ஒழுங்காக நின்றது. பிறகு அந்த அச்சு பேக்கரியில் ஆணியில் எனக்கென்றே தொங்கியது. ருசியா? நனைத்த அட்டையை மென்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் வேண்டுமென்றே அத்தை பார்க்கிற மாதிரி உட்கார்ந்து, ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்று முடித்தேன்.

டாக்டரம்மாவிடம் அடுத்தமுறை போனபோது அப்பா காலண்டரை நீட்டினார். அவர் வாய் திறக்குமுன் நான் பேசினேன். நான் திருடவில்லை, பிரட்டில் உப்பு இருக்கிறது, மாஸ்டர் ஊற்றுவதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. ஒருநாளைக்கு எத்தனை துண்டு என்று கேட்டார். பதினான்கு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நான்தான் சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்மேல” என்றார்.

எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவர், வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், ஒரு சிறுமியிடம் அதைச் சொல்ல அவருக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று. எனக்குப் பின்னால் நின்றிருந்த அம்மாவிடம், வரிசையில் என்னைப் போலவே முகம் வீங்கி நின்ற ஒரு பையனைக் காட்டி, அவன் அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். பிரட், பன், பிஸ்கட் எதுவும் கொடுக்கக்கூடாது என்று அந்தப் பையனின் சீட்டிலும் எழுதினார்.

இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிரஷர், கிரியாட்டினின் என்று ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, ஊறுகாயைத் தள்ளிவைத்துவிட்டு, லைட்டாக இருக்கட்டும் என்று இரவில் நான்கு துண்டு பிரட் சாப்பிடுகிறீர்களே, பாக்கெட்டைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். உங்கள் டாக்டரையும் கேளுங்கள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அப்பா சாமியாரைப் பார்த்துப் பேசினார். சாமியார் அடுத்த ஞாயிறே என்னை வரச்சொன்னார். வெள்ளை உடை வேண்டாம், பள்ளிச் சீருடையில் வருகிறேன் என்றேன். தனியாக நிற்கிறவளுக்கு முக்காடு எதற்கு? ஆனால் அதற்கு முன்னால் மறுபடியும் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். சனிக்கிழமை போய் முழந்தாளிட்டேன். இம்முறை எதையும் தயாரித்துக்கொண்டு போகவில்லை.

“எங்க அத்தைமேல கோவமா இருக்கேன் சாமி. அதுக்காக வருத்தமும் படல” என்றேன்.

பலகைக்கு அந்தப்புறம் சாமியார் சிரிப்பை அடக்கினாரா, பெருமூச்சு விட்டாரா தெரியவில்லை. பிறகு என்னை நம்பாமல் போனதற்கு அவரும் வருத்தப்படுவதாகச் சொன்னார். மாதாவுக்கு மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லு, மூன்றாவதை உன் அத்தைக்காகச் சொல்லு என்று அபராதம் கொடுத்தார். பீடத்துக்கு முன்னால் போய் இரண்டைச் சொன்னேன். மூன்றாவதைத் தொடங்குவதற்கு முன், முதலில் அவள் வந்து தப்பு என்று சொல்லட்டும் என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் நன்மை வாங்கினேன். அந்த அப்பத்திலும் உப்பில்லை. எனக்கு அது புதுசாக இல்லை.

வியாதி இரண்டுமுறை திரும்பி வந்து, பதினாலு வயதில் ஒருவழியாக விட்டுப் போயிற்று. அதுவரைக்கும் அந்தப் பிரட்டை யார் வாங்கிவந்தது என்று நினைக்கிறீர்கள்? அத்தைதான். அப்பாவுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்ததால் ஒருநாள் அவளாகவே போக ஆரம்பித்தாள். ஆவடியிலிருந்து வந்து இறங்கி, வீட்டுக்கு வராமல் பேக்கரிக்கு நடந்து, முந்தானையில் சுற்றி எடுத்துவருவாள். மழையிலும் போனாள். காலில் வலி வந்தபிறகும் போனாள். அச்சிலிருந்து எடுக்கும்போது உப்புப் பிரட்டோடு மாறிவிடாமல் இருக்க, அங்கேயே நின்று ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள் என்று மாஸ்டர் ஒருமுறை என்னிடம் சொன்னார். வீட்டில் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, துன்னு, என்பாள். வேறு எதுவும் சொல்லமாட்டாள். அவள் எனக்கு என்ன சொல்ல வருகிறாள் என்று அப்போதே எனக்குப் புரிந்தது. ஆனால் அவள் அதை வாயால் சொல்லவில்லை.

அத்தை இறந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்ல ஆள் தேடினார்கள். நான்தான் முன்னின்று சொன்னேன். ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியே, ஒன்றுகூடக் குறையாமல், குரல் உடைந்து உடைந்து, அவள் ஆன்மாவுக்காக. சாமியார் சொல்லச் சொன்ன அந்த மூன்றாவதை மட்டும் நான் இன்றுவரை சொல்லவில்லை.